குறை நோட்டில் அவள் பெயர்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இறங்கி வரும் கருவிகளைக் கழுவி, துடைத்து, டிரேயில் அடுக்கி, துணியில் கட்டி, நீராவியில் வேகவைத்து மறுபடி மேலே ஏற்றுகிற அறை. அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவளுக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் வாய்ப்பாடு. காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கருவிகளை அடுக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுவாள். மனசுக்குள் எண்ணிக்கொள்ளும் நாகரிகமெல்லாம் அவளிடம் கிடையாது. இருபத்துநாலு கருவி இருக்கிற டிரே என்றால் இருபத்துநாலு வரை அறை முழுக்கக் கேட்கும். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கிற நர்ஸுகள் பதினெட்டு, பத்தொன்பது என்று கூடவே முணுமுணுத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஒன்பது வருஷமும் அவள் தற்காலிகம். பதினோரு மாதத்துக்கு ஓர் உத்தரவு கொடுப்பார்கள். அது முடிந்ததும் ஒரே ஒருநாள் அவள் வேலையில் இல்லை. அதற்கடுத்த நாள் புது உத்தரவு. இடைவிடாமல் வேலை பார்த்தேன், என்னை நிரந்தரமாக்கு என்று நாளைக்கு யாரும் சட்டம் பேசிவிடக் கூடாதாம். அதற்காகவே ஒவ்வொரு பதினோரு மாதத்துக்கும் ஒரு பொத்தல் போட்டு வைத்திருந்தார்கள், மகா புத்திசாலிகள். அந்தப் பொத்தல் நாளில் வாய்ப்பாடு வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்துப் போடுவாள். மாடியில் குடியிருக்கிற நாத்தனார் எட்டிப் பார்த்து, "அண்ணிக்கு இன்னைக்கு வேலை போயிடுச்சு போல, திரை காயுது" என்பாள். கேலிதான். ஆனாலும் ஒன்பது தடவையும் அந்த நாளில் வாய்ப்பாட்டுக்குச் சாப்பாடு சரியாக இறங்கியதில்லை. மறுநாள் கூப்பிடாமலே விட்டுவிட்டால் யாரைப் போய்க் கேட்பது?

அந்த அறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். சீட்டில் கட்டியவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் உண்டு. தற்காலிகக்காரர்கள் அந்தக் கட்டத்தில் பேனா வைக்கக் கூடாது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் நிரந்தர ஊழியர்தான் என்பது விதி. ஆகவே வாய்ப்பாடு கட்டுவாள், அடுத்த மேசைக்காரர் கையெழுத்துப் போடுவார். அவரைக் கையெழுத்து அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கெட்டவர் இல்லை. அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார், பண்டிகை வந்தால் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்று மணிவரை அவர் கையில் ஏறுகிற ஒரே பாரம் பேனாதான். முதலெழுத்துக்குக் கீழே ஒரு சுழி போட்டு, அதன் வாலை மேலே இழுத்து முடிப்பார். ஒன்பது வருஷத்தில் வாய்ப்பாடு கட்டிய பல்லாயிரம் கட்டுகளும் அந்தச் சுழியோடுதான் மேலே போயின.

அவள் பெயர் அந்த அறையில் எழுதப்படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது குறை நோட்டு. சிவப்பு அட்டை போட்ட தடித்த நோட்டு. ஏதாவது கட்டு குறையோடு போய்விட்டால் தேதி, குறை, கட்டியவர், கண்டுபிடித்தவர் என்று அதில் எழுத வேண்டும். அங்கே மட்டும் தற்காலிகம், நிரந்தரம் என்ற பேதமே இல்லை. யார் கட்டினார்களோ அவர்கள் பெயர்தான். நல்லது நடந்தால் அண்ணன் சுழி, கெட்டது நடந்தால் அவள் பெயர். இந்த நியாயத்தைப் பற்றி வாய்ப்பாடு ஒருநாளும் வாய் திறந்து சண்டை போட்டதில்லை. உள்ளுக்குள் கொதித்தது நிஜம்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அறைக்கு ஒரு நிரந்தர இடம். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. விண்ணப்பத்தோடு சொந்தமாக எழுதிய கவரிங் லெட்டர் ஒன்று வைக்க வேண்டும். மற்ற தற்காலிக உத்தரவுகள் இனிப் புதுப்பிக்கப்பட மாட்டா, அந்த வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

வாய்ப்பாடு அதை மூன்று தடவை படித்தாள். அவளுடைய பத்தாவது உத்தரவு முடிய ஏழு வாரம் இருந்தது. நாற்பது முடிய நாலு மாசம். கிடைத்தால் இந்த வேலை, கிடைக்காவிட்டால் இனி எந்த ஆஸ்பத்திரியிலும் நிரந்தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பது வருஷமும் தண்ணீரில் எழுதிய எழுத்தாகிவிடும். அன்றைக்கு டிரே அடுக்கும்போது பதினாறுக்குப் பிறகு பதினெட்டு சொன்னாள், நாக்கைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள். கடிதம் என்றால் அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. கையோடு ஒரு கடிதத்தை அடித்தே கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணி, உக்காருங்க, படிக்கறேன். நடுவுல பேசாதீங்க."

"சரி, படி."

"'பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய ஐயா, தங்களது நிழலில் ஒன்பது ஆண்டுகள் ஒதுங்கி நின்ற எளியேன்...'"

வாசலில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் நிமிர்ந்து பார்த்தான். பஸ் டிப்போ மெக்கானிக். "எந்த நிழல்? அந்த ரூம்ல ஜன்னலே கிடையாது" என்றான்.

"அண்ணா, நீ சும்மா இரு. இதெல்லாம் ஒரு மரியாதை." அவள் தொடர்ந்தாள். "'...எவ்விதக் குறையும் இன்றி, ஒரு சிறு பிழையும் நேராது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பணியாற்றி வந்துள்ளேன்...'"

"நிறுத்து" என்றாள் வாய்ப்பாடு.

"என்ன அண்ணி? விளக்கெண்ணெய் வேண்டாமா?"

"விளக்கெண்ணெய் இருந்துட்டுப் போகட்டும். குறையே இல்லன்னு எழுதியிருக்கியே, அது பொய்."

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"குறை நோட்டுல என் பேர் இருக்கு. மூணு தடவை."

நாத்தனாருக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "அதை யார் போய்ப் பாக்கப் போறாங்க? அண்ணி, இது வேலை கேக்கற லெட்டர். போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கற வாக்குமூலம் இல்ல."

 வாய்ப்பாடு கடிதத்தை வாங்கி மறுபடி முழுவதும் படித்தாள். அழகாகத்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அதில் அவளைத் தேடினால் எங்கேயும் இல்லை. இதே கடிதத்தை ஒருநாளும் கருவியைத் தொடாத ஒருவர் கொடுக்கலாம், ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம். கையெழுத்து அண்ணனுடைய சுழிக்கு அடியில் ஒன்பது வருஷம் காணாமல் போனது போதாதென்று, தன் கடிதத்திலேயும் காணாமல் போக வேண்டுமா? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மகளுடைய கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துக்கொண்டு சமையல்கட்டு மேசைக்குப் போய்விட்டாள்.

முதல் வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மகள் வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, பரீட்சையில பக்கத்தை நிரப்பற மாதிரி எழுதாத" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் கை தானாக ஓடியது. டிரே அடுக்குகிற மாதிரியே எழுதினாள், ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, வைத்து.

'நான் கருவி அறையில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கட்டுகளின் சீட்டில் என் கையெழுத்து இருக்காது. என் பெயர் குறை நோட்டில் இருக்கும். மூன்று இடத்தில் இருக்கும். அந்த மூன்றையும் இங்கே சொல்கிறேன்.

முதல் வருஷம் இருபத்துநாலு வைக்க வேண்டிய டிரேயில் இருபத்துமூன்று வைத்துக் கட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே எண்ணினேன். அன்றிலிருந்து சத்தமாக எண்ணுகிறேன். சத்தமாக எண்ணுகிறவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

மூன்றாம் வருஷம் ஒரு கிளாம்ப் இடுக்கியைப் பூட்டிய நிலையில் வைத்துவிட்டேன். பூட்டியிருந்தால் அதன் வாய்க்குள் நீராவி போகாது. வீட்டுக்குப் போகிற வழியில் பஸ் நிறுத்தத்தில் ஞாபகம் வந்தது. திரும்பி ஓடி, கட்டைப் பிரிப்பதற்கு முன் தியேட்டரில் தடுத்துவிட்டேன். அதற்கப்புறம் என் வீட்டுக்காரரிடம் சொல்லி ஒரு கம்பியை வளைத்து வாங்கினேன். கருவிகளின் கைப்பிடி வளையங்களை அதில் கோத்து வைத்தால் ஒன்றும் தானாக மூடிக்கொள்ளாது. இப்போது எல்லா மேசையிலும் அந்த மாதிரிக் கம்பிதான்.

ஆறாம் வருஷம் சூடான கட்டை அவசரத்தில் குளிர்ந்த மேசையில் வைத்தேன். அடியில் வேர்த்து நனைந்துவிட்டது. நானே கண்டுபிடித்துப் பிரித்து மறுபடி வேகவைத்தேன். ஆபரேஷன் நாற்பது நிமிஷம் தள்ளிப்போனது. டாக்டர் திட்டியது நியாயம். அதற்கப்புறம் ஆறுகிற வரைக்கும் கம்பித் தட்டில்தான் வைக்கிறோம்.

இந்த மூன்றும் நான் செய்தவை. நாலாவது ஒன்று செய்ய மாட்டேன் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. செய்தால் நானே வந்து சொல்வேன் என்று எழுதத் தைரியம் இருக்கிறது.'

புருஷன் படித்துவிட்டுத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்தான். பிறகு, "கம்பி வளைச்சவன் பேரையும் போட்டிருக்கலாம்" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பாராட்டத் தெரியாது. நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள்: "சரி, உங்க இஷ்டம். அந்தப் பத்து உத்தரவையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போங்க. எங்க ஆபீசுல காகிதம் இல்லாதவன் வாயில்லாதவன்."

திங்கட்கிழமை கையெழுத்து அண்ணன் டீயோடு வந்தார். "என்னம்மா, லெட்டர் எழுதியாச்சா?"

"எழுதிட்டேன் அண்ணே. குறை நோட்டுல இருக்கற மூணையும் எழுதிட்டேன்."

டீ டம்ளர் அவர் கையில் ஒரு நொடி நின்றது. "எதுக்கும்மா அந்த நோட்டையெல்லாம் கிளறணும்? குறையே இல்லன்னு ஒரு வரி போட்டுட்டுப் போக வேண்டியதுதானே."

"நான் செஞ்சதுதானே அண்ணே."

"இல்ல, அவங்க போய் நோட்டைப் பிரிச்சுப் பாத்தாங்கன்னா..." என்று இழுத்தார். பிறகு சீட்டுக்கட்டைத் தன் பக்கம் நகர்த்தி, வழக்கத்துக்கு மாறாக வேகவேகமாகச் சுழி போட ஆரம்பித்தார். தன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். மேல்மாடியில், கம்பளம் விரித்த அறை. ஒன்பது வருஷத்தில் அவள் அந்த மாடிக்கு வந்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் பணியாளர் பிரிவு ஆபீசர். அவளுடைய பத்து உத்தரவிலும் கையெழுத்துப் போட்டவர், முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஒரு பக்கம் தியேட்டர் தலைமை நர்ஸ். இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரியின் தரம் பார்க்கிற அதிகாரியம்மா. கண்ணாடி போட்டு, குறைவாகப் பேசுகிறவர். அவருக்கு முன்னால் சிவப்பு அட்டை நோட்டு விரித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் வாய்ப்பாடு மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மொத்தம் பன்னெண்டு லெட்டர் வந்துச்சு" என்றார் அதிகாரியம்மா. "பதினொரு பேர் குறையே இல்லாம வேலை பாத்திருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் மூணு தப்பு செஞ்சவங்க."

ஆபீசர் மெல்லச் சிரித்தார். வாய்ப்பாடு சிரிக்கவில்லை.

"நான் நோட்டை எடுத்துப் பாத்தேன். மூணும் நீங்க எழுதின மாதிரியே இருக்கு. மூணுலயும் கண்டுபிடிச்சவர்ங்கற இடத்துலயும் உங்க பேர்தான்." அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "ஆனா நாலாவதா ஒண்ணு இருக்கே. இதை ஏன் எழுதலை?"

 நாலாவதா? அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்ற மாதிரி இருந்தது. குறையே இல்லை என்று எழுதியிருந்தால்கூட வழக்கமான புளுகு என்று விட்டிருப்பார்கள். மூன்று என்று எண்ணிச் சொல்லிவிட்டு நாலாவதை ஒளித்தவள் பெரிய கள்ளி அல்லவா? யோக்கியம் பேசின வாய்க்கு இது வேண்டும் என்று ஒரு குரல் உள்ளே கேட்டது, அது நாத்தனார் குரல் மாதிரியே இருந்தது.

"என்ன குறைங்க அது?"

"நீராவி சூட்டுல நிறம் மாறற டேப் ஒட்டாம ஒரு கட்டு மேல போயிருக்கு. வேகவெச்சதா இல்லையான்னே தெரியாம திருப்பி அனுப்பியிருக்காங்க. கட்டியவர்னு உங்க பேர் இருக்கு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம்."

டேப் ஒட்டாமல் அவள் ஒரு கட்டைக்கூடக் கையிலிருந்து விட்டதில்லை. எண்ணிக்கை முடிந்ததும் "டேப்பு" என்று அதையும் சத்தமாகச் சொல்லித்தான் ஒட்டுவாள். கொஞ்சம் தெம்பு வந்தது. "நான் அதைப் பாக்கலாங்களா?" என்றாள்.

நோட்டைத் திருப்பி வைத்தார்கள். அவள் பெயர் இருந்தது. அவள் எழுதியதில்லை. கடைசி எழுத்தின் கீழே ஒரு சுழி, அதன் வால் மேலே இழுத்திருந்தது. பல்லாயிரம் தடவை பார்த்த சுழி. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தியேட்டர் என்று இருந்தது. வாய்ப்பாடு அதையெல்லாம் தாண்டி முதல் கட்டத்துக்குப் போனாள், தேதிக்கு. பதினைந்தாம் தேதி. பதினைந்து, பதினைந்து என்று உதடு அசைந்தது. அந்த மாசத்துப் பதினைந்தாம் தேதியில் அவளுக்கு என்னமோ இருந்தது. ஈரத் துணி ஞாபகம் வந்தது. கூடத்துத் திரை மழையில் மாட்டிக்கொண்டது, நாத்தனார் மாடியிலிருந்து கத்தியது எல்லாம் வந்தது.

அவள் மடியிலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள். அவசரப்படவில்லை. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே உத்தரவுகளை மேசைமேல் வைத்தாள். தலைமை நர்ஸ் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். எட்டாவதையும் ஒன்பதாவதையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆபீசர் பக்கம் திருப்பினாள்.

"எட்டாவது உத்தரவு பதினாலாம் தேதியோட முடியுது சார். ஒன்பதாவது பதினாறாம் தேதிதான் ஆரம்பிக்குது. நடுவுல பதினஞ்சாம் தேதி நான் இந்த ஆஸ்பத்திரியிலயே இல்ல. கீழ உங்க கையெழுத்துதான் இருக்கு."

ஆபீசர் இரண்டு தாளையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"உத்தரவு இல்லாட்டியும் பழக்கத்துல வந்து வேலை பாத்திருக்கலாம் இல்லையா?" என்றார் அதிகாரியம்மா. கேட்டது வாய்ப்பாட்டை. பதில் வந்தது ஆபீசரிடமிருந்து.

"இல்லங்க இல்லங்க, அதுக்கு வாய்ப்பே இல்ல. இடைவெளி நாள்ல யாரையும் வாசலுக்குள்ளயே விட மாட்டோம். அதுல ரொம்பக் கண்டிப்பா இருக்கோம்." ஒருநாள் அப்படி வந்து வேலை பார்த்தாள் என்று ஒப்புக்கொண்டால், ஒன்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட பொத்தல் அடைபட்டுப்போகும், அவள் இடைவிடாமல் வேலை பார்த்தவளாகிவிடுவாள். அந்தக் கிலி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அவளுக்காக அவர் சத்தியமே செய்திருப்பார். வாய்ப்பாட்டுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷம் தன்னை வெளியே நிறுத்திய அந்தப் பாழாய்ப்போன நாள், கடைசியில் தன் பக்கம் சாட்சிக்கு வந்து நிற்கிறது.

"அப்ப இதை எழுதினது யாரு?" என்றார் அதிகாரியம்மா.

வாய்ப்பாடு சுழியை ஒருதரம் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "கட்டினது யாருன்னு அன்னைக்கு அறையில நிரந்தரமா இருந்தவங்களைக் கேட்டாத் தெரியுங்க. நான் எழுதினது என் தப்பைத்தான். அது மூணு. லெட்டர் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அதிகாரியம்மா முதல் தடவையாகச் சிரித்தார். நோட்டின் பக்கங்களை விரலால் ஓட்டினார். "நான் இன்னொண்ணும் பாத்தேன். உங்க ரெண்டாவது தப்புக்கு முன்னாடி, பூட்டின கிளாம்ப்னு வருஷத்துக்கு நாலஞ்சு வரி இருக்கு. அதுக்கப்புறம் ஆறு வருஷமா ஒண்ணுகூட இல்ல. யாரோட ஷிஃப்ட்லயும் இல்ல. நனைஞ்ச கட்டும் அப்படித்தான். ஏன்னு எனக்கு இத்தனை நாள் புரியலை. உங்க லெட்டரைப் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது."

தலைமை நர்ஸுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "மேடம், சீட்டுல யார் கையெழுத்து இருந்தா என்ன, எங்களுக்கு இவங்க கட்டு பாத்தவுடனே தெரியும். மேல் மூலையை ஒரு விரல் அளவு மடிச்சு விட்டிருப்பாங்க. கையுறை போட்ட கையால பிடிச்சு இழுத்தா அலுங்காமப் பிரியும். அவசர கேஸ்னா நாங்க மடிச்ச மூலையாப் பாத்துதான் எடுக்கறது."

வாய்ப்பாடு இதை எதிர்பார்க்கவில்லை. மூலையை மடிப்பது யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். அறையை விட்டு வந்து படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், அதை மறைக்க அவளுக்கு ஒரு அவசியமும் இல்லை.

பத்தாவது நாள் உத்தரவு வந்தது. வீட்டுக்கே தபாலில் வந்தது. புருஷன், மகள், நாத்தனார் எல்லோரும் சுற்றி நின்றார்கள். வாய்ப்பாடு மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். பழைய பத்து உத்தரவிலும் ஒரே மாதிரி ஒரு வரி இருக்கும்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை. இதில் 'முதல்' இருந்தது. 'வரை'யைத் தேடினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"என்ன அண்ணி தேடறீங்க?"

"எப்ப முடியுதுன்னு போடலையே."

"முடியலை அண்ணி, அதான் போடலை" என்றாள் நாத்தனார். சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "இனிமே திரையெல்லாம் எப்பத் துவைப்பீங்க?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. புருஷன் கூடத்துத் திரையைக் கழற்றித் தானே ஊறப்போட்டான்.

நிரந்தரமான முதல் நாள் வாய்ப்பாடு வழக்கம்போல ஏழு மணிக்கு அறைக்குள் நுழைந்தாள். அதே மேசை, அதே விளக்கு. அடுத்த மேசையில் நாற்காலியைக் காணோம். இனி எல்லா மேசைக்காரர்களும் தாங்களே கட்ட வேண்டும், கட்டியவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதிகாரியம்மா புது விதி கொண்டுவந்திருந்தார். கையெழுத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு டிரே, பக்கத்தில் அவள் புருஷன் வளைத்த மாதிரியில் ஒரு கம்பி.

"அம்மா" என்றார். தலை குனிந்தே இருந்தது. "அந்தப் பதினஞ்சாம் தேதி. என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, நான்தான் கட்டினேன்னு ஒத்துக்கிட்டேன். வேணும்னு செய்யலைம்மா. இத்தனை வருஷமா கட்டறது நீதான்னு ஊறிப்போன கை. அப்படியே எழுதிடுச்சு."

முழுசாக நம்பலாமா என்று வாய்ப்பாட்டுக்குத் தெரியவில்லை. பாதி நம்பினாள். மீதிப் பாதிக்கு அவள் மனசு இன்னும் ஆறவில்லை. அதை மறைத்துச் சிரித்துப் பேசவும் அவளுக்குத் தோன்றவில்லை. "கஷ்டமாத்தான் இருந்துச்சு அண்ணே" என்றாள். அவர் தலையாட்டினார்.

"சரி, எண்ணுங்க. எட்டரை மணிக்கு இது மேல தியேட்டருக்குப் போகணும்."

அவர் முணுமுணுவென்று ஆரம்பித்தார்.

"சத்தமா அண்ணே."

"ஒண்ணு" என்றார் அவர், கூச்சத்தோடு. "ரெண்டு." லிஃப்ட் பக்கம் நின்ற நர்ஸுகள் திரும்பிப் பார்த்தார்கள். பதினொன்றில் குழம்பி மறுபடி ஒன்றுக்கு வந்தார். அதற்குள் வாய்ப்பாடு தன் டிரேயை எண்ணி, கோத்து, துணியை மடித்து, மூலையை ஒரு விரல் அளவு மடக்கி, "டேப்பு" என்று சொல்லி ஒட்டியும் முடித்துவிட்டாள். சீட்டை எடுத்துக் கட்டின் மேல் வைத்தாள். கட்டியவர் கையெழுத்து. கட்டம் காலியாக இருந்தது.

அண்ணன் எண்ணிக்கையை நிறுத்தாமலே, ஏழு, எட்டு என்று சொல்லிக்கொண்டே, பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையை நீட்டி அந்தச் சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவருக்கே தெரியவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம்.

வாய்ப்பாடு சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இது என்னோடது அண்ணே" என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் பேனாவைத் திறந்து, சுழியெல்லாம் போடாமல், தன் முழுப் பெயரையும் எழுதினாள். அந்தச் சின்னக் கட்டம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயின.